கான்ஃபிக் கோப்புகளைப் பொதுக் கோப்புறைக்கு வெளியே வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டத்து ஆலயங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள் ஆகியவற்றின் இணையத்தளங்களைப் பெரும்பாலும் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது அமைத்துக் கொடுக்கிறார்கள். அவற்றில் சிலவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, மீண்டும் மீண்டும் ஒரே குறையைக் கண்டேன். தரவுத்தளக் கடவுச்சொல், மின்னஞ்சல் கடவுச்சொல், எஃப்பிஎக்ஸ் (இணைய வங்கிக் கட்டண முறை) வழி நன்கொடை பெறும் சேவையின் இரகசியச் சாவி ஆகிய மூன்றும் எழுதப்பட்ட கான்ஃபிக் கோப்பு (தளத்தின் அமைப்பு விவரங்கள் உள்ள கோப்பு), யார் வேண்டுமானாலும் முகவரி தட்டி எட்டக்கூடிய பொதுக் கோப்புறைக்குள்ளேயே கிடந்தது.

அந்தக் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருப்பது உபயக்காரர்களின் பட்டியல்: பெயர், கைப்பேசி எண், வீட்டு முகவரி, சில இடங்களில் 12 இலக்க அடையாள அட்டை எண். கடவுச்சொல் கசிந்தால் புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளலாம். பிறந்த தேதியையே முதல் 6 இலக்கங்களாகக் கொண்ட அடையாள அட்டை எண் கசிந்தால், அந்த உபயக்காரர் மாற்றிக்கொள்ள எதுவும் இல்லை. அதனால்தான் இந்த வேலையை ஒத்திப்போடக் கூடாது என்று சொல்கிறேன்.

இங்கே சொல்வது, சிபேனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள பகிர்வு ஹோஸ்டிங்கை (ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் சேவையை) மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. நம் ஊர்ச் சங்கங்கள் பெரும்பாலும் அதையே வாங்குகின்றன. சொந்த சர்வர் வைத்திருப்போருக்கு வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறித்திருக்கிறேன். கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியுள்ளேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில், அசல் பெயர் இருக்கும்படியே தட்ட வேண்டும்.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் வேண்டியது ஹோஸ்டிங் கணக்கின் நுழைவு விவரம். வேர்ட்பிரஸ் (தளம் நடத்தும் மென்பொருள்) நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல் மட்டும் போதாது. பொதுக் கோப்புறைக்கு மேலே உள்ள இடத்தை அங்கிருந்து வழக்கமாகப் பார்க்க இயலாது. பல ஆலயங்களில் இந்தக் கணக்கு, தளத்தை அமைத்துவிட்டு ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போய்விட்ட தம்பியின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். அவரைத் தொடர்புகொண்டு கணக்கை நிர்வாகத்தின் மின்னஞ்சலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பாதி வேலையில் கணக்கு பூட்டிக்கொண்டால், மீட்புக் கடிதம் அந்த மின்னஞ்சலுக்குத்தான் போகும்.

இரண்டாவது, கோப்புகள், தரவுத்தளம் இரண்டுக்குமான முழுக் காப்பு நகல். அதை உங்கள் கணினிக்கு இறக்கி, திறந்து பார்த்து, உள்ளே எல்லாம் இருப்பதை உறுதி செய்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். புதியவர்கள் செய்யும் முதல் தவறு இங்கேயே நிகழ்கிறது: ‘பேக்கப்.ஜிப்’ என்ற கோப்பைப் பொதுக் கோப்புறைக்குள்ளேயே உருவாக்கி, இறக்கிய பின் நீக்க மறந்துவிடுகிறார்கள். அப்படியொரு ஜிப் கோப்பை உலாவியில் முகவரி தட்டியே இறக்கிவிடலாம். தளத்தின் எல்லா இரகசியமும் அந்த ஒரே பொதியில் இருக்கும்.

மூன்றாவது, ஒரு கணினி. கைப்பேசியில் இதைச் செய்யாதீர்கள். சிறிய திரையில் இரண்டு கோப்புறைகள் ஒன்றுபோலவே தெரியும். தவறான இடத்தில் ஒட்டிவிட்டால் உடனே கண்ணில் படாது. மாலையில் இடிமழை வந்தால் இணையம் அறுந்துபோகும் வட்டாரத்தில் இருப்பவர்கள் காலை நேரத்தைத் தேர்ந்துகொள்வது நல்லது.

கடைசியாக, சிபேனலின் கோப்பு மேலாளர் அமைப்புகளில், மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டும்படி தெரிவு செய்யுங்கள். புள்ளியில் தொடங்கும் பெயர்கள் இயல்பாகக் கண்ணுக்குத் தெரியாது. கடவுச்சொற்களையும் சாவிகளையும் எழுதி வைக்கும் ‘.என்வ்’ கோப்பே அந்த வகையைச் சேர்ந்தது.

2. எது பொது, எது வெளி என்று உறுதி செய்தல்

கோப்பு மேலாளரைத் திறந்தால் உங்கள் கணக்கின் வீட்டுக் கோப்புறை தெரியும். அதற்குள் ‘பப்ளிக்_ஹெச்டிஎம்எல்’ என்று ஒன்று இருக்கும். முதன்மை டொமைனின் முகவரியைத் தட்டுபவர் வந்து சேரும் இடம் அதுதான். அதற்கு ஒரு படி மேலே இருப்பவற்றுக்கு இணைய முகவரி கிடையாது. முகவரி இல்லாத கோப்பை எந்த உலாவியாலும் கேட்கவே முடியாது என்பதுதான் இந்த முழு ஏற்பாட்டின் அடிப்படை.

‘.ஹெச்டிஅக்சஸ்’ என்ற சர்வர் விதிக் கோப்பில் தடைவிதி எழுதி வைத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். உண்டியல் திறவுகோலை முன்மண்டபத்துத் தூணில் மாட்டிவிட்டு, ஒருவரைக் காவலுக்கு நிறுத்துவது போன்றது அது. காவலர் இருக்கும் வரைதான் காவல். அந்த விதியை என்ஜின்எக்ஸ் சர்வர் படிப்பதே இல்லை. அதைப் படிக்கும் அப்பாச்சி சர்வரில்கூட, சர்வர் அமைப்பில் அந்த வசதி நிறுத்தப்பட்டிருந்தால் விதி செயல்படாது. ஹோஸ்டிங் மாறும்போது அந்தக் கோப்பு விடுபட்டுப் போவதும் உண்டு. விதியை இரண்டாவது பூட்டாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பூட்டு இடமாகவே இருக்க வேண்டும்.

ஊகித்துவிட்டு நகராதீர்கள், சோதித்துப் பாருங்கள். ஒரு சொல் மட்டும் எழுதிய உரைக்கோப்பைப் பொதுக் கோப்புறையில் வைத்து உலாவியில் திறந்தால், அந்தச் சொல் தெரியும். அதே கோப்பை ஒரு படி மேலே நகர்த்திவிட்டு மீண்டும் திறந்தால், காணவில்லை என்ற பதில் வர வேண்டும். பிறகு அதை நீக்கிவிடுங்கள்.

ஒரே கணக்கில் பல டொமைன்கள் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. சிபேனலின் டொமைன் பட்டியலில் ஒவ்வொரு டொமைனும் துணை டொமைனும் எந்தக் கோப்புறையைக் காட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆலயத் தளத்துக்கு வெளியே இருக்கும் ஒரு கோப்புறை, அதே கணக்கில் உள்ள இளைஞர் மன்றத் தளத்துக்குப் பொதுக் கோப்புறையாக இருக்கக்கூடும். அங்கே கொண்டுபோய் வைத்தால் ஒரு தெருவிலிருந்து எடுத்து இன்னொரு தெருவில் வைத்ததாகவே முடியும்.

3. இடம் மாற வேண்டியவற்றைத் தேடி எடுத்தல்

பிஎச்பி (சர்வரில் இயங்கும் நிரல்மொழி) கோப்பில் கடவுச்சொல் இருந்தால் பரவாயில்லை, சர்வர் அதை இயக்குமே தவிரக் காட்டாது என்று சொல்வார்கள். எல்லாம் சரியாக இருக்கும் நாளில் அது உண்மை. பிஎச்பி பதிப்பை மாற்றும்போது இயக்கும் அமைப்பு ஒரு நிமிடம் தவறினாலும், அந்தக் கோப்பின் மூல எழுத்துகள் அப்படியே உரையாக உலாவிக்குப் போய்விடக்கூடும்.

அதைவிட அடிக்கடி நிகழ்வது நகல்களால் வரும் கசிவு. திருத்துவதற்கு முன் பாதுகாப்புக்காக ‘கான்ஃபிக்.பிஎச்பி.பேக்’ என்றோ ‘.ஓல்ட்’ என்றோ ஒரு நகல் எடுத்து வைக்கிறோம். சில திருத்திகள் தாமாகவே கடைசியில் அலைக்குறி சேர்த்தோ ‘.சேவ்’ என்று முடியும் பெயரிலோ ஒரு நகலை விட்டுச் செல்கின்றன. இவற்றின் பின்னொட்டு பிஎச்பி அல்ல என்பதால் சர்வர் பெரும்பாலும் இயக்காமல் அப்படியே கொடுத்துவிடும். ‘.ஐஎன்சி’ என்று முடியும் பழைய பாணிக் கோப்புகளும் ‘.என்வ்’ கோப்பும் இதே நிலையில் உள்ளவைதான்.

ஆகவே பொதுக் கோப்புறை முழுவதையும் துழாவி, இரண்டு பட்டியல் போடுங்கள். கான்ஃபிக் கோப்பு, ‘.என்வ்’, தளம் உண்மையில் பயன்படுத்தும் சாவிக் கோப்புகள் ஆகியவை வெளியே நகர வேண்டியவை. பழைய நகல்கள், எஸ்கியூஎல் கோப்புகள் (தரவுத்தள நகல்கள்), ஜிப் பொதிகள், சர்வர் விவரங்களைக் காட்டும்படி யாரோ சோதனைக்கு வைத்த பிஎச்பி-இன்ஃபோ பக்கம் ஆகியவை நீக்க வேண்டியவை. நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘.கிட்’ என்ற மறைந்த கோப்புறை தென்பட்டால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அது வெளியில் தெரிந்தால் தளத்தின் முழு மூலநிரலையும் பழைய மாற்றங்களையும் அதிலிருந்து மீட்டெடுத்துவிடலாம், என்றோ நீக்கிய கடவுச்சொல் உட்பட.

4. வெளியே கோப்புறை அமைத்து அனுமதி வழங்குதல்

வீட்டுக் கோப்புறையில், ‘பப்ளிக்_ஹெச்டிஎம்எல்’ இருக்கும் அதே மட்டத்தில், புதிய கோப்புறை ஒன்றை உருவாக்குங்கள். ‘ரகசியம்’ என்று வைத்துக்கொள்வோம். பொதுக் கோப்புறைக்குள்ளே ‘பிரைவேட்’ என்று பெயரிட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயர் எதையும் பூட்டுவதில்லை.

கோப்புறையின் அனுமதியை 700 என்றும், உள்ளே வரும் கோப்புகளின் அனுமதியை 600 என்றும் அமைக்கவும். உங்கள் கணக்கைத் தவிர, அதே சர்வரில் இடம் வாங்கியிருக்கும் வேறு எவரும் படிக்கக் கூடாது என்பதே இதன் பொருள். பகிர்வு ஹோஸ்டிங்கில் பிஎச்பி பெரும்பாலும் உங்கள் கணக்கின் பெயரிலேயே இயங்குவதால் இது போதும். சொந்த சர்வரில் பிஎச்பி வேறொரு பயனர் பெயரில் இயங்கினால், அந்தப் பயனரின் குழுவுக்குப் படிக்கும் உரிமை கொடுத்து 750, 640 என்று வைக்க வேண்டும். பிழை வந்தவுடன் 777 என்று மாற்றுவது புதியவர்களின் வழக்கம். அது பிழையைத் தீர்ப்பதுபோல் தோன்றும். ஆனால் சர்வரில் உள்ள எல்லோருக்கும் எழுதும் உரிமையையே கொடுத்துவிடும்.

5. நகர்த்தாமல் நகலெடுத்தல்

கோப்பை இப்போது நகர்த்தாதீர்கள், நகலெடுங்கள். நகர்த்திய கணத்திலேயே தளம் விழுந்துவிடும், பதற்றத்தில் அடுத்தடுத்துத் தவறு நேரும். பழையது தன் இடத்தில் இருக்கும்போது புதியதை அமைத்தால், எங்கே தவறினாலும் திரும்பி வர வழி இருக்கும்.

நகலெடுப்பதைக் கோப்பு மேலாளருக்குள்ளேயே செய்யுங்கள். கணினிக்கு இறக்கி, திருத்தி, மீண்டும் ஏற்றும்போது இணையம் அறுந்தால் பாதிக் கோப்புதான் போய்ச் சேரும். மேலும் சில திருத்திகள் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்த்துவிடும். தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன என்ற பிழை வந்தால், அந்தக் குறியோ, பிஎச்பி முடிவுக் குறிக்குப் பின் கிடக்கும் வெற்று வரியோதான் பெரும்பாலும் காரணம். பிஎச்பி மட்டுமே உள்ள கோப்பில் முடிவுக் குறியையே எழுதாமல் விடலாம். அது முறையான வழக்கம்தான்.

6. தளத்துக்குப் புதிய இடத்தைக் காட்டுதல்

புதியவர்கள் அதிக நேரம் சிக்கிக்கொள்ளும் படி இதுவே. சர்வரின் வட்டில் ஒரு கோப்பு இருக்கும் பாதையும், இணையத்தில் அதற்குள்ள முகவரியும் இரு வேறு விஷயங்கள். கான்ஃபிக் கோப்பை அழைக்கும் வரியில் தளத்தின் இணைய முகவரியை எழுதினால் வேலை செய்யாது. நாம் செய்வதே அந்தக் கோப்புக்கு இணைய முகவரி இல்லாமல் ஆக்குவதுதான் என்பதை நினைவில் வைத்தால் இந்தக் குழப்பம் நீங்கும்.

நீங்களே எழுதிய பிஎச்பி தளமாக இருந்தால், பொதுக் கோப்புறையின் முதல் மட்டத்தில் உள்ள கோப்பில் வரி இப்படி அமையும்:

ரிக்வயர்_ஒன்ஸ் டிர்நேம்(__டிஐஆர்__) . '/ரகசியம்/ஆலயம்.பிஎச்பி';

‘__டிஐஆர்__’ என்பது இந்த வரி எழுதப்பட்ட கோப்பு இருக்கும் கோப்புறையைக் குறிக்கும்; ‘டிர்நேம்’ அதிலிருந்து ஒரு படி மேலே கூட்டிச் செல்லும். வெறுமனே இரண்டு புள்ளியும் சாய்கோடும் எழுதிக் கோப்பை அழைத்தால், நிரல் எந்தக் கோப்புறையிலிருந்து இயக்கப்படுகிறதோ அங்கிருந்து தேடப்படும். உலாவியில் சரியாக இயங்கிய தளத்தில், இரவில் தானாக ஓடும் கிரான் வேலை மட்டும் தோல்வியடைவதற்கு இதுவே பொதுவான காரணம்.

வேர்ட்பிரஸ் தளத்தில், ‘டபிள்யூபி-கான்ஃபிக்.பிஎச்பி’ தன் வழக்கமான இடத்தில் இல்லையென்றால், வேர்ட்பிரஸ் தானாகவே ஒரே ஒரு படி மேலே தேடும். அந்த மேல் கோப்புறையில் ‘டபிள்யூபி-செட்டிங்ஸ்.பிஎச்பி’ இருந்தால், அது வேறொரு வேர்ட்பிரஸுக்கு உரியது என்று கருதி எடுக்காது. இந்த ஏற்பாட்டை அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள் ஓர் ஆபத்தில் விழுகிறார்கள். வேர்ட்பிரஸ் பொதுக் கோப்புறைக்குள் ‘செய்தி’ போன்ற ஓர் உட்கோப்புறையில் நிறுவப்பட்டிருந்தால், ஒரு படி மேலே என்பது பொதுக் கோப்புறையேதான். தளம் நன்றாக இயங்கும், கோப்பும் முன்போலவே பொதுவில் இருக்கும்.

அதனால் நான் எல்லா வேர்ட்பிரஸ் தளங்களிலும் வேறொரு முறையைக் கடைப்பிடிக்கிறேன். தரவுத்தள விவரங்களையும் இரகசியச் சாவிகளையும் மட்டும் வெளியே உள்ள கோப்பில் வைக்கிறேன். உள்ளே இருக்கும் ‘டபிள்யூபி-கான்ஃபிக்’ கோப்பில் அதை அழைக்கும் வரி, அட்டவணை முன்னொட்டு, ‘டபிள்யூபி-செட்டிங்ஸ்’ கோப்பை அழைக்கும் கடைசி வரி ஆகியவை நிற்கும். அது கசிந்தாலும் அதில் எடுக்க எதுவும் இல்லை. உட்கோப்புறையில் நிறுவியிருந்தால், ‘டிர்நேம்(__டிஐஆர்__, 2)’ என்று இரண்டு படி ஏறச் சொல்லலாம்.

லாராவெல் (பிஎச்பி நிரல் கட்டமைப்பு) தளத்தில் ‘.என்வ்’ கோப்பை மட்டும் நகர்த்த முயலாதீர்கள். லாராவெல்லின் அமைப்பே, ‘பப்ளிக்’ என்ற உட்கோப்புறை மட்டும் வெளியில் தெரியும்படி வகுக்கப்பட்டது. முழுத் திட்டத்தையும் பொதுக் கோப்புறையில் கொட்டியதுதான் தவறு. டொமைன் காட்டும் கோப்புறையை மாற்ற முடிந்தால், அதை ‘பப்ளிக்’ நோக்கித் திருப்புவதோடு வேலை முடிந்தது. பகிர்வு ஹோஸ்டிங்கில் முதன்மை டொமைனுக்குப் பெரும்பாலும் அது முடியாது. அப்போது திட்டத்தை வீட்டுக் கோப்புறைக்குக் கொண்டுபோய், ‘பப்ளிக்’ கோப்புறையின் உள்ளடக்கத்தை மட்டும் ‘பப்ளிக்_ஹெச்டிஎம்எல்’லில் வைத்து, ‘இன்டெக்ஸ்.பிஎச்பி’யில் உள்ள பாதைகளைத் திருத்த வேண்டும். படங்கள் தெரியாமல் போனால் ‘ஸ்டோரேஜ்’ இணைப்பைப் புதிதாக உருவாக்குங்கள். பழைய கடவுச்சொல்லையே தளம் பிடித்துக்கொண்டிருந்தால் கான்ஃபிக் தற்காலிக நினைவை அழியுங்கள்.

எதிலும் ‘ஓப்பன்_பேஸ்டிர்’ என்ற பிழை வந்தால், பொதுக் கோப்புறைக்கு வெளியே படிக்க உங்கள் ஹோஸ்டிங் தடை வைத்திருக்கிறது என்று பொருள். அந்தத் தடையை நீக்கச் சொல்லாமல், ‘ரகசியம்’ கோப்புறையை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்க்கும்படி கேளுங்கள்.

7. பழைய கோப்பை வெளியேற்றுதல்

புதிய இடத்திலிருந்து தளம் படிக்கிறது என்பதற்கு, பழைய கோப்பு இல்லாமலும் அது இயங்குவதே சான்று. இங்கே பலர் பழைய கோப்பின் பெயரை ‘.பேக்’ என்று மாற்றிச் சோதிக்கிறார்கள். அதுவரை இயக்கப்பட்டு மறைந்திருந்த கடவுச்சொல், அந்தப் பெயர் மாற்றத்தால் வெளிப்படையான உரையாகிவிடக்கூடும். பெயரை மாற்றாமல், ‘ரகசியம்’ கோப்புறைக்குள் ‘பழையது’ என்று ஓர் உட்கோப்புறை வைத்து அங்கே நகர்த்துங்கள்.

பிறகு முகப்புப் பக்கத்தோடு நிறுத்திவிடாமல், தொடர்புப் படிவத்திலிருந்து மின்னஞ்சல் வருகிறதா, ஒரு வெள்ளி நன்கொடை செலுத்தினால் பற்றுச்சீட்டு வருகிறதா, கிரான் வேலை ஓடுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொன்றும் வேறு வழியாகக் கான்ஃபிக் கோப்பை அழைக்கக்கூடும். ஒரு வாரம் குறையின்றி ஓடிய பிறகு ‘பழையது’ கோப்புறையை நீக்கலாம்.

8. வெளியாளின் கண்ணால் பார்த்தல்

உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில், எந்தக் கணக்கிலும் நுழையாமல், பட்டியலிட்ட ஒவ்வொரு பழைய முகவரியையும் தட்டிப் பாருங்கள். 404 (கோப்பு இல்லை என்ற பதில்) வந்தால் நல்லது. 200 (கேட்டது கிடைத்தது என்ற பதில்) வந்தால் பக்கத்தில் என்ன தெரிகிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். சில தளங்கள் காணவில்லை என்ற பக்கத்தையே 200 என்று அனுப்பும். 403 (அனுமதி மறுப்பு) வந்தால் ஏதோ ஒரு விதி தடுக்கிறது என்பது மட்டுமே தெரியும். கோப்பு இன்னும் உள்ளே இருக்கிறதா என்பதைக் கோப்பு மேலாளரில்தான் உறுதி செய்ய முடியும்.

டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்தும் சேர்க்காமலும், துணை டொமைன்கள் வழியாகவும் தட்டுங்கள். கிளவுட்ஃபிளேர் போன்ற இடைச்சேவை இருந்தால் அதன் தற்காலிக நகல்களை அழித்த பிறகு சோதிக்க வேண்டும்.

9. கடவுச்சொற்களை மாற்றுதல்

இந்தப் படி இவ்வளவு பின்னால் வருவதற்குக் காரணம் உண்டு. ஓர் ஆலயத் தளத்தில் பதற்றத்தில் முதலில் தரவுத்தளக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, பிறகுதான் கோப்பை நகர்த்தினேன். இடைப்பட்ட நேரத்தில் அந்தக் கோப்பை யாரோ மீண்டும் எடுத்திருந்ததைப் பதிவேட்டில் கண்டேன். புதிய கடவுச்சொல்லையும் நானே கையில் கொடுத்ததுபோல் ஆயிற்று. கோப்பு திறந்த வெளியில் இருப்பது தெரிந்தால், உடனே ‘.ஹெச்டிஅக்சஸ்’ விதியால் தடுத்து, அது தடுக்கிறதா என்று பார்த்து, மேலே சொன்ன படிகளை அன்றே முடித்து, அதன் பிறகு மாற்றுங்கள்.

தரவுத்தளக் கடவுச்சொல், மின்னஞ்சல் கடவுச்சொல், கட்டணச் சேவையின் சாவி, வேர்ட்பிரஸின் உப்புச் சாவிகள் (நுழைவைப் பாதுகாக்கும் சாவிகள்) என்று கோப்பில் இருந்த அனைத்தும் மாற வேண்டும். உப்புச் சாவிகளை மாற்றினால் எல்லோரும் மறுபடி நுழைய வேண்டியிருக்கும். நமக்கு வேண்டியதும் அதுவே. லாராவெல்லின் ‘ஆப்_கீ’யை மாற்றுமுன், அதைக் கொண்டு மறையாக்கம் செய்த தரவு தரவுத்தளத்தில் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் பழைய சாவி இல்லாமல் அது திறக்காது.

சிபேனலிலிருந்து மூல அணுகல் பதிவேட்டை இறக்கி, அந்தக் கோப்பின் பெயரைத் தேடுங்கள். 200 என்ற எண்ணோடு வரி இருந்தால், கோப்பு எடுக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும். மலேசியாவின் 2010 ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2025 ஜூன் 1 முதல், அச்சட்டத்துக்கு உட்பட்டோர் கடுமையான தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளைச் சார்ந்தது. உங்கள் சங்கத்துக்கு அது பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், அடையாள அட்டை எண் கசிந்த உபயக்காரர்களிடம் நிர்வாகம் நேரில் சொல்லியாக வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. தங்கள் பெயரில் யாராவது ஏமாற்ற முயன்றால் எச்சரிக்கையாக இருக்க அவர்களுக்கு அந்தச் செய்தி தேவை.

10. மீண்டும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுதல்

ஒருமுறை வெளியே வைத்த இரகசியம் மூன்று வழிகளில் திரும்பி வருவதைப் பார்க்கிறேன். காப்பு நகல் எடுக்கும் செருகுநிரல், ஜிப் பொதியைப் பதிவேற்றக் கோப்புறைக்குள் சேமிக்கும்; அதன் சேமிப்பிடத்தை வெளியே மாற்றுங்கள். கிட் பயன்படுத்துவோர், விலக்க வேண்டிய கோப்புகளைப் பட்டியலிடும் ‘.கிட்இக்னோர்’ கோப்பில் ‘.என்வ்’ பெயரைச் சேர்க்க மறப்பார்கள். மூன்றாவது வழி புலனம் (வாட்ஸ்அப்): உதவி கேட்கும்போது கான்ஃபிக் கோப்பின் திரைப்பிடிப்பை அப்படியே குழுவில் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்ட கடவுச்சொல்லை அன்றே மாற்ற வேண்டும், படத்தை நீக்கியிருந்தாலும்.

அடுத்து பொறுப்பேற்கும் பிள்ளைக்கு, கான்ஃபிக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்தக் கோப்பின் எந்த வரி அதை அழைக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி, செயலவைக் கூட்டக் குறிப்பேட்டில் ஒட்டிவைக்கச் சொல்கிறேன். அதில் பாதை மட்டும் இருக்கட்டும், கடவுச்சொல் வேண்டாம். அந்தத் தாள் இல்லாத ஓர் இடத்தில், புதிதாக வந்த தம்பி கான்ஃபிக் கோப்பைக் காணாமல் தேடி, பழைய காப்பு நகலிலிருந்து ஒன்றை எடுத்து, மறுபடியும் பொதுக் கோப்புறைக்குள்ளேயே வைத்துவிட்டார்.